பிரேக்கைப் பிடித்திருந்த கை

மாலை ஆறரை மணி. ஆறரைதான், ஆனால் மழை இருட்டு. கிடங்குகளுக்கு நடுவே போகிற நீளமான சாலை… இரண்டு பக்கமும் இறக்கிவிட்ட இரும்பு ஷட்டர்கள். தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அந்தச் சாலையில் ஒற்றை மோட்டார் சைக்கிள் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஓட்டியவருக்குப் பயமில்லை. பயப்படவும் மனசில் கொஞ்சம் உயிர் வேண்டுமல்லவா? அது அவரிடம் இல்லை.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர எப்படியும் நேரமாகும். படிக்கட்டில் காற்று வருகிறது, மெழுகுவர்த்தியைச் சுவரோரமாக வையுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. சிநேகிதன் பொய் சொல்கிறவன் இல்லை. சித்தப்பாவோ, பொய் சொல்லும் அளவுக்குக்கூடப் பேசாதவர்.

"வெள்ளைப் புடவையா?"

புடவையெல்லாம் இல்லை. இது லிஃப்ட் கதை.

"ஐயோ, அப்புறம் நான் எட்டாவது மாடிக்கு எப்படிப் போறது?"

நடந்து போ. உடம்புக்கு நல்லது. கேள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். வெகுகாலமாக அதே வேலை. அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒல்லியாக, நெட்டையாக இருப்பான் என்பதால் எல்லோரும் அவனை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் எப்போதும் சேர்ந்தே போவார்கள். காரணம் உண்டு. கரண்ட் இல்லாமல் நடுவில் நின்றுபோன லிஃப்டைக் கையால் நகர்த்துவது இரண்டு பேர் வேலை. கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூம் இருக்கும். அங்கே மோட்டாரை ஒரு பிரேக் கவ்விப் பிடித்திருக்கும். ஒருவர் சிவப்பு லிவரை அழுத்தி அந்தப் பிரேக்கைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் இரண்டு கையாலும் மஞ்சள் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். லிவரை விட்டால் ஸ்பிரிங் 'டக்'கென்று திரும்பக் கவ்விவிடும். அந்த ஸ்பிரிங்கோ மாட்டுப் பலம். பிடித்து முடிக்கும்போது முழங்கைக்குக் கீழே கை இருப்பதே தெரியாது. ஸ்பேனர் பிரேக், சித்தப்பா சக்கரம். அப்படித்தான் எத்தனையோ பேரை வெளியே எடுத்தார்கள்.

ஸ்பேனர் போய்விட்டான். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், அவ்வளவுதான். சித்தப்பா அழவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், சவரம் செய்துகொண்டார். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்போமே, இருக்கும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது… ஆளே அப்படி ஆகிவிட்டார். "இனிமே மெஷின் ரூம் ஏற மாட்டேன்" என்று மட்டும் கம்பெனியில் சொன்னார்.

சரி என்று கம்பெனி அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது. அந்தக் கம்பெனி பராமரிக்கிற ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பெட்டிக்குள் ஒரு ஹெல்மெட் இருக்கும். நெற்றியில் கேமரா, காதில் ஒலிப்பான், வலது கண்ணுக்கு முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. அதை யார் மாட்டிக்கொண்டாலும் அவர் பார்ப்பதைச் சித்தப்பா தன் திரையில் பார்க்கலாம். சித்தப்பா திரையில் விரலால் ஒரு வட்டம் போட்டால், அந்தக் கண்ணாடியில் அதே இடத்தில் வட்டம் விழும். 'இதைத் திருகு, அதை எடு' என்று சொல்லலாம். அவ்வளவுதான். இங்கிருந்தபடி அங்கே ஒரு ஈயைக்கூட அவரால் விரட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வெள்ளம் என்று ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். மற்ற ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தவர் சித்தப்பா மட்டும்தான், அறையில் தனி. ஈரக் காலுறை நாற்றம். மேஜைக்கடியில் ஏதோ ஒயர் சூடாகிற வாசனை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. லிஃப்டுக்குள்ளிருந்து அடிக்கிற அவசர மணி.

"ஹலோ… ஹலோ… யாராவது இருக்கீங்களா?" ஒரு பெண் குரல். இளம் வயது. அழவில்லை. அழுது முடித்த குரல்.

"இருக்கேம்மா. சொல்லுங்க."

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். சக்கர நாற்காலி. மழைக்கு ஒதுங்க டாக்சிக்காரர் வண்டியைத் தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. கொஞ்சம்தான் அசைந்தது, கரண்ட் போய்விட்டது. இப்போது சாய்தளத்தின் வழியாகத் தெருத் தண்ணீர் கீழே இறங்குகிறது. லிஃப்டின் தரையில் தண்ணீர்.

"எவ்வளவும்மா?"

"கணுக்கால் வரைக்கும். ஏறிக்கிட்டே இருக்கு."

பின்னாலிருந்து ஒரு வயதானவரின் குரல், இருமலோடு: "தம்பி, மூணு மாசம் ஆஸ்பத்திரில போகாத உயிரு, இந்தப் பெட்டிக்குள்ளயா போகப் போவுது? நீங்க பதறாதீங்க. நிதானமா இவளை மட்டும் வெளிய எடுத்துடுங்க."

"சும்மா இருங்கப்பா. ரெண்டு பேரும்தான் போறோம்."

"சரிங்க மகாராணி." அவர் சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. "இவ சொன்னா சொன்னதுதான் தம்பி. ஆனா நான் சொன்னதை ஞாபகம் வச்சுக்குங்க… இவளை."

"ரெண்டு பேரையும் எடுப்பேன் ஐயா" என்றார் சித்தப்பா. சொல்லும்போது தன் குரல் தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது அவருக்கு.

கட்டடம் புதியது. பாதி வீடுகளுக்கு ஆள் வரவில்லை, வந்தவர்களும் மழை எச்சரிக்கைக்குப் பயந்து வெளியேறிவிட்டார்கள். வாட்ச்மேன் ஒருவர்தான். சித்தப்பா அவரைப் போனில் பிடித்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஹெல்மெட்டை மாட்ட வைத்து, மாடிப்படி ஏற்றினார். திரையில் படிகள் குலுங்கிக் குலுங்கி வந்தன.

"சார், இது எனக்குப் பெருசா இருக்கு. நான் ஒரு பக்கம் பார்க்கிறேன், இது ஒரு பக்கம் பார்க்குது."

"தாடைக்குக் கீழ வார் இருக்கும். இறுக்கிக் கட்டுங்கண்ணே."

"கட்டிட்டேன். சார், நான் கேட் திறக்கத்தான் சம்பளம் வாங்குறேன். லிஃப்டுக்குப் பிரசவம் பார்க்க இல்ல."

"இன்னிக்கு ரெண்டும் பாருங்க. உள்ள ரெண்டு உயிர் இருக்கு."

அதற்கப்புறம் வாட்ச்மேன் வேடிக்கை பேசவில்லை. நல்ல மனுஷன். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

மெஷின் ரூம். டார்ச் வெளிச்சத்தில் தூசி, கிரீஸ், கனத்த இரும்புக் கயிறுகள். சித்தப்பா வட்டம் போட்டார்: "அந்த மெயின் சுவிட்சை அணைங்க." அம்பு போட்டார்: "சுவர்ல தொங்குற சிவப்பு லிவரை எடுங்க, பிடியில வரிவரியா இருக்கும். பிரேக் மேல ஒரு துளை இருக்கு பாருங்க, அதுல சொருகுங்க." வாட்ச்மேன் சொருகினார். "இப்ப லிவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சக்கரத்தைச் சுத்துங்க."

ஒரு கை லிவரில், ஒரு கை சக்கரத்தில். வாட்ச்மேன் முக்கினார். சக்கரம் அசையவில்லை. இரண்டு கையையும் சக்கரத்துக்குக் கொண்டுபோனார். 'டக்'. பிரேக் கவ்விக்கொண்டது. காலால் லிவரை மிதித்துப் பார்த்தார். வழுக்கி விழுந்தார். 'டக்'.

"சார், இதுக்கு நாலு கை வேணும் சார்."

சித்தப்பாவுக்கு அது தெரியாதா? ஸ்பேனர் இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த நினைப்பும் வலிக்கவில்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டைத் தாண்டிப் போவது மாதிரி அதைத் தாண்டிப் போனார்.

"யாரையாவது கூட்டிட்டு வாங்கண்ணே."

"யாரை சார்? ரோட்டுல தண்ணியத் தவிர ஒண்ணுமில்ல."

இந்தக் காதில் வாட்ச்மேன். அந்தக் காதில் அந்தப் பெண்.

"சார்… முழங்காலுக்கு வந்துடுச்சு. அப்பா பேச மாட்டேங்கிறார். தூங்கிட்டார் போல. கையெல்லாம் சில்லுனு இருக்கு… தண்ணியோட குளிருக்கா சார்?"

சித்தப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "குளிருக்குத்தாம்மா. அவரை நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க. இதோ எடுத்துடுவோம்" என்றார்.

ஸ்பேனர் போன பிறகு அவர் ஆண்டவனிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார். இப்போது மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு கை. அங்க ஒரே ஒரு கை கொடு."

படம் உறைந்தது. சிக்னல் போய்விட்டது. திரையில் கட்டங்கட்டமாக ஒரு சாம்பல் நிறம்… 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல்… பிறகு படம் திரும்ப வந்தது.

லிவரின் மேல் ஒரு கை இருந்தது.

சித்தப்பா மூச்சு விட்டார். அப்பாடா, யாரோ ஒருவர் கிடைத்துவிட்டார். படத்தின் இடது ஓரத்திலிருந்து வந்த ஒரு முன்கை. வயதான கை. டார்ச் வெளிச்சம் சக்கரத்தின் மேல் இருந்ததால் முழங்கைக்கு அப்பால் இருட்டு. லிவரைச் சுற்றி நான்கு விரலும் கட்டை விரலும் இறுகியிருந்தன. பிரேக் நன்றாகத் திறந்திருந்தது. ஸ்பேனர்கூட அவ்வளவு சீராகத் திறந்து பிடித்ததில்லை.

"பிரேக்கைப் பிடிச்சிருக்கிறவர் அப்படியே பிடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

கை இன்னும் கொஞ்சம் இறுகியது.

"சார், சுத்துது சார்! இப்பத்தான் லேசா சுத்துது!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

"அம்புக்குறி காட்டுற பக்கமே சுத்துங்க. அவசரப்படாம. கயிறுமேல ஒரு மஞ்சள் கோடு வரும். அதுதான் தரைத்தளம்."

சக்கரம் கரகரத்தது. கயிறு ஊர்ந்தது. பெண் குரல் அந்தக் காதில்: "அசையுது சார்… அப்பா, அசையுதுப்பா… தண்ணி வடியுது சார்…"

வாட்ச்மேன் நடுவில் ஒரு தடவை ஹெல்மெட்டைக் கழற்றினார். திரையில் கூரை தெரிந்தது, பிறகு திரும்பவும் சக்கரம். அந்தக் கை அதே இடத்தில், அதே பிடியில். நரம்புகள் புடைத்திருந்தன. நடுக்கம் இல்லை. கனமான ஸ்பிரிங்கைப் பிடித்தால் எவனுக்கும் நடுங்கும். சித்தப்பாவுக்கு அது கண்ணில் பட்டது. மனசில் படவில்லை.

மஞ்சள் கோடு வந்தது.

"நிறுத்துங்க. சக்கரத்தை விட்டுடுங்க. பிரேக்கையும் விடுங்க."

'டக்'.

"கீழ ஓடுங்கண்ணே! சாவி போட்டுக் கதவைத் திறங்க!"

வாட்ச்மேன் ஓடினார். கதவைத் திறந்தார். அந்தப் பெண் முட்டிவரை நனைந்து வெளியே வந்தாள், நாற்காலியை இழுத்துக்கொண்டு. ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வந்து இருவரையும் ஏற்றிப் போனது.

சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்தால் உடன் உழைத்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க மாட்டார். மனசு மரத்துப்போனாலும் வாய்க்கு அது மறக்கவில்லை.

"அண்ணே, பிரேக்கைப் பிடிச்சவருக்கும் என் நன்றியைச் சொல்லிடுங்க. பாவம், கை விட்டுப் போயிருக்கும்."

"யாருக்கு சார்?"

"கூட நின்னாரே, அவருக்கு."

"விளையாடாதீங்க சார். நீங்கதானே பிடிச்சீங்க?"

"நானா?"

"வட்டம் போட்டீங்க, அம்பு போட்டீங்க. அப்புறம் கண்ணாடில உங்க கையே வந்துது. சரி, இப்பல்லாம் கையையும் அனுப்புறாங்க போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். காலம் எங்கேயோ போயிடுச்சு பாருங்க…"

"நடுவுல ஹெல்மெட்டைக் கழட்டினீங்களே. அப்ப வெறும் கண்ணால பார்த்தீங்களா?"

"வேர்வை துடைக்கக் கழட்டினேன் சார். பார்த்தேன். கை இல்ல. லிவர் மட்டும் தானா அழுந்தி நின்னுது. நீங்க அங்கேர்ந்து பிடிச்சிருக்கீங்கன்னு நினைச்சு மறுபடி மாட்டிக்கிட்டேன்… சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

…மெழுகுவர்த்தியை யாரும் ஊதவில்லை. காற்றுதான். ஏற்றுங்கள்.

ஹெல்மெட் கேமரா காட்டுவதெல்லாம் கம்பெனியில் பதிவாகும். சித்தப்பா அந்தப் பதிவைத் திரும்ப ஓடவிட்டார். உண்மையைச் சொன்னால், அவர் ஸ்பேனரைத் தேடினார். அவனுடைய நீளமான விரல்களை. ஆண்டவன் கேட்டதைக் கொடுத்தார் என்றால், வேறு யாரை அனுப்பியிருப்பார்? படத்தை நிறுத்தினார். பெரிதாக்கினார்.

ஸ்பேனரின் கை இல்லை. குட்டையான, அகன்ற விரல்கள். புறங்கையில் ஊசி குத்திக் குத்திக் கருநீலமாகிப் போன தழும்புகள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிடுகிற பிளாஸ்டிக் பட்டை.

அவர் அலறவில்லை. எழுந்து ஓடவுமில்லை. விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உதவுகிறவர் எங்கிருந்து உதவுகிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை, கை சரியான இடத்தில் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். சித்தப்பாவுக்கு அன்றைக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

விடிந்ததும் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெரியவர் போய்விட்டார். வழியில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் இல்லை. லிஃப்ட் அசைவதற்கு ரொம்ப நேரம் முன்பே உயிர் பிரிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். இருட்டில் மகளுக்குத் தெரியவில்லை. தூங்குகிறார் என்று தன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. அந்தப் பெண். வாட்ச்மேனிடம் எண் வாங்கியிருக்கிறாள். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், மடித்து வைத்த துண்டுகள்.

"சார், நேத்து பேசினது நீங்கதானே? குரல்ல தெரியுது."

"நான்தாம்மா."

"நன்றி சொல்லணும்னு…" நிறுத்தினாள். அவளும் மரத்துத்தான் போயிருந்தாள். கண் உலர்ந்திருந்தது. "சார், ஒரு சந்தேகம். அப்பாவைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். வலது கையில ஏதோ சிவப்பா ஒட்டியிருக்கு. ரத்தமோன்னு பயந்துட்டேன். ரத்தம் இல்ல. சோப்பு போட்டாலும் போகல. லிஃப்டுக்குள்ள ஏதாவது பட்டிருக்குமோ? நீங்க பார்த்தா தெரியுமேன்னு கேட்கிறேன்."

"கேமராவைத் திருப்பிக் கிட்டக்க காட்டுங்கம்மா."

திரை ஆடியது. கட்டில் விரிப்பு. அதன்மேல் ஒரு கை. குட்டையான விரல்கள், மணிக்கட்டில் பட்டை. இறுக்கி மூடியிருந்தது, நடுவில் ஒரு கம்பி போகிற அளவுக்கு இடம் விட்டு. விரல் இடுக்குகளில் சிவப்புப் பெயிண்ட்டும் கருப்புக் கிரீஸும்.

லிஃப்டுக்குள்ளே சிவப்புப் பெயிண்ட் எங்கேயும் கிடையாது. சித்தப்பா அதைச் சொல்லவில்லை. சொல்லி அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

"எண்ணெய் தொட்டுத் தடவுங்கம்மா. கொஞ்ச நேரம் விட்டு, மெதுவான துணியால துடைங்க. போயிடும். தேய்க்காதீங்க."

"உள்ளங்கையில நிறைய இருக்கு போல. ஆனா விரலைப் பிரிக்கவே முடியல சார். நர்ஸும் பார்த்துட்டாங்க. பலமா இழுத்தா உடைஞ்சுடும்ங்கிறாங்க."

"இழுக்காதீங்க." சித்தப்பா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "போனை அவர் காதுகிட்ட வையுங்கம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வைத்தாள். போன் சாய்ந்ததில் திரையில் அந்தக் கை மட்டும் தெரிந்தது.

"ஐயா… உங்க பொண்ணு வெளிய வந்துட்டாங்க. நல்லா இருக்காங்க."

முதலில் சுண்டுவிரல். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக… கனத்ததைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆற்றிக்கொள்கிற மாதிரி… விரல்கள் தாமாகப் பிரிந்தன.

உள்ளங்கை முழுக்க, குறுக்கே, லிவரின் பிடியில் இருக்கிற வரிகள் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஒரு வரி விடாமல்.